ஒரே காசு, பல அடுப்பு

ரப்பர் விலை சரிந்தால் பேராக்கின் சுங்கை சிப்புட் தன் காசின் மதிப்பைக் குறைத்துக்கொள்ள முடியாது. கோலாலம்பூரில் செல்லும் அதே ரிங்கிட்தான் இங்கும் செல்கிறது. ரப்பர் பால் வாங்கும் கடையில் கிலோவுக்குக் கிடைப்பது இறங்கிவிடும். மோட்டார் சைக்கிள் தவணை இறங்காது, வீட்டுக் கடன் இறங்காது, மளிகைக்கடைப் புத்தகத்தில் எழுதியிருக்கும் பற்றும் இறங்காது. யூரோ நாடுகளைப் பற்றிய செய்திகளில் அடிக்கடி வரும் ‘கட்டமைப்புச் சீர்திருத்தம்’ என்ற சொல்லைப் புரிந்துகொள்ள, தோட்டப்புறப் பட்டணத்தின் இந்த நிலைமையைவிட நல்ல நுழைவாயில் இல்லை.

பொது நாணயம் நமக்குப் புதிதும் அல்ல. 1967 ஜூன் 12 வரை மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றுக்கும் ஒரே நாணய வாரியம்தான் வெள்ளி வெளியிட்டது. பிரிந்த பிறகும் 1973 மே வரை ஒரு வெள்ளிக்கு ஒரு வெள்ளி என்றே மாற்றிக்கொண்டார்கள். சிங்கப்பூரும் புருணையும் இன்றைக்கும் அப்படித்தான். அன்று பிரிந்த இரண்டு வெள்ளிகளும் இன்று எவ்வளவு தூரம் விலகிவிட்டன என்பது, ஜொகூர் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போய் வருகிறவர்களுக்குச் சம்பள நாளில் தெரியும்.

தனி நாணயம் என்ன வேலை செய்கிறது என்பதற்கு 1997-98 நல்ல சான்று. டாலருக்கு 2.50 அளவில் இருந்த ரிங்கிட், 1998 ஜனவரியில் 4.88 வரை போனது. இறக்குமதிச் சாமான் விலை ஏறியது. டாலரில் விலை பேசும் செம்பனை எண்ணெய்க்கோ ரிங்கிட்டில் கூடுதலாகக் கிடைத்தது. 1998 செப்டம்பர் 2 அன்று 3.80 என்று கட்டி, 2005 ஜூலை 21 வரை அதிலேயே வைத்திருந்தார்கள். வலி இருந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் வெளிநாட்டுச் சந்தையில் நம் பொருள் மலிவாவதற்கு ஒவ்வொரு தொழிலாளியின் சம்பளச் சீட்டையும் தனித்தனியாக எடுத்து வெட்ட வேண்டிய அவசியம் வரவில்லை. நாணயம் அந்த வேலையைச் செய்துவிட்டது.

2001-இல் யூரோவுக்குள் வந்த கிரீஸ், ஒரு யூரோவுக்கு 340.75 டிராக்மா என்று பூட்டிக்கொண்டது. ஜெர்மனியின் மார்க் அதற்கு முன்பே 1.95583 என்று பூட்டப்பட்டிருந்தது. யூரோவை மட்டும் விட்டு வெளியேற ஒப்பந்தத்தில் வழி எழுதப்படவில்லை. வட்டியை பிராங்பர்ட்டில் இருக்கும் ஐரோப்பிய மத்திய வங்கி எல்லாருக்கும் ஒன்றாக வைக்கிறது. 1992-இல் கையெழுத்தான மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம், அரசின் பற்றாக்குறை உள்நாட்டு உற்பத்தியில் 3 விழுக்காட்டையும் கடன் 60 விழுக்காட்டையும் தாண்டக்கூடாது என்றது. ஆக நாணயம் கையில் இல்லை, வட்டி கையில் இல்லை, செலவுக்கும் கடிவாளம். நாட்டுக்குள் இருக்கும் விதிகளை மாற்றுவதுதான் மிச்சம்: ஆளை வேலைக்கு எடுப்பது, நிறுத்துவது, சம்பளப் பேச்சுவார்த்தை, ஓய்வு வயது, எந்தத் தொழிலுக்கு யாருக்கு லைசென்ஸ், கடனை வசூலிக்க நீதிமன்றம் எத்தனை ஆண்டு எடுக்கும் என்பது. கட்டமைப்புச் சீர்திருத்தம் என்றால் இவைதான்.

இது தேவையா, இல்லையா என்பதிலேயே பெரும்பாலான விவாதம் தேங்கிவிடுகிறது. தேவைதான். எதை முதலில் செய்தார்கள், எந்தக் காலத்தில் செய்தார்கள் என்ற கேள்விதான் பேசப்படாமல் போகிறது. யூரோ நாடுகளில் நல்லதும் கெட்டதும் பிரிந்தது அந்த இடத்தில்தான்.

முதலில் அளவுகோல். இரண்டு நாடுகளில் எதன் சரக்கு விலை போகும் என்பதைச் சம்பளம் மட்டும் காட்டாது. ஒரு அலகு உற்பத்திக்கு எவ்வளவு கூலி ஆகிறது என்று பார்க்க வேண்டும். செம்பனைக் குலை அறுக்கும் ஒருவருக்கு நாளுக்கு 80 ரிங்கிட், அவர் 1.6 டன் அறுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டன்னுக்கு 50 ரிங்கிட். சம்பளம் 96 ஆகி, அறுப்பு அதே 1.6 டன்னாக இருந்தால் டன்னுக்கு 60. நல்ல பாதை போட்டு, வண்டி மரத்தடிவரை வந்து, அதே 96 ரிங்கிட்டுக்கு 1.92 டன் அறுக்க முடிந்தால் மறுபடியும் 50. சம்பளமும் உயர்ந்திருக்கிறது, செலவும் ஏறவில்லை. 2000-களில் தென் ஐரோப்பிய நாடுகளில் இந்த அலகுக் கூலி ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. ஜெர்மனியில் ஏறக்குறைய அசையாமல் கிடந்தது. நாணயம் ஒன்றாகிவிட்டதால் இந்த இடைவெளியைச் சரிசெய்ய வேறு வால்வு இல்லை. 2011-இல் வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய விதிகள் யூரோ நாடுகளுக்கு மூன்றாண்டில் 9 விழுக்காட்டுக்கு மேல் அலகுக் கூலி ஏறினால் எச்சரிக்கை என்று வைத்தன. நம் கணக்கில் 50 ரிங்கிட் மூன்று ஆண்டில் 54.50-ஐத் தாண்டினால் மணி அடிக்கும்.

இடைவெளியை மூட இரண்டு வழி. ஒன்று, 1.6 டன்னை 1.92 ஆக்குவது. அதற்குப் பாதை, வண்டி, பயிற்சி, ஆண்டுகள் எல்லாம் வேண்டும். மற்றொன்று, 96-ஐ மறுபடியும் 80 ஆக்குவது. அதற்கு ஒரு சட்டம் போதும். பொருளாதாரக்காரர்கள் இரண்டாவதை உள்நாட்டு மதிப்புக் குறைப்பு என்கிறார்கள். இதில் உள்ள ஆபத்து கடனில் இருக்கிறது. அரசின் கடன் 120, நாட்டின் உற்பத்தி 100 என்றால் கடன் சுமை 120 விழுக்காடு. சம்பளமும் விலையும் இறங்கி உற்பத்தியின் மதிப்பு 90 ஆனால், ஒரு காசு புதிதாக வாங்காமலேயே சுமை 133 ஆகிவிடும். கிரீஸில் நடந்தது இதுவே. 2009-இல் சுமார் 127 விழுக்காடாக இருந்த கடன் சுமை 2014-இல் சுமார் 180. இத்தனைக்கும் 2012 மார்ச்சில் தனியார் கையில் இருந்த கடன்பத்திரங்களின் முகமதிப்பில் 53.5 விழுக்காட்டை வெட்டியிருந்தார்கள்.

கிரீஸின் கதையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். 2009 அக்டோபரில் புதிய அரசு வந்து, பற்றாக்குறை முன்பு சொன்னதைவிடப் பல மடங்கு என்று அறிவித்தது. கடைசியில் உற்பத்தியில் 15 விழுக்காட்டைத் தாண்டியது. 2010 மே மாதம் 110 பில்லியன் யூரோ, 2012-இல் 130 பில்லியன், 2015 ஆகஸ்டில் 86 பில்லியன்வரை என்று மூன்று கடன் திட்டங்கள். பணம் மொத்தமாக வராது, தவணை தவணையாக வரும். ஒவ்வொரு தவணைக்கும் முன் ஐரோப்பிய ஆணையம், ஐரோப்பிய மத்திய வங்கி, பன்னாட்டு நாணய நிதியம் மூன்றின் அதிகாரிகள் வந்து பட்டியலைச் சரிபார்ப்பார்கள். நிறைவேற்ற வேண்டிய சட்டம் நிறைவேறாவிட்டால் தவணை நிற்கும். வந்த பணத்தின் பெரும்பகுதி பழைய கடனையும் வட்டியையும் அடைக்கவும் வங்கிகளுக்கு மூலதனம் போடவும் போனது.

தவணைக்கு நாள் குறித்திருக்கும்போது எந்தச் சீர்திருத்தம் முதலில் வரும்? ஒரே சட்டத்தில் முடிவதுதான் வரும். 2012 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளத்தை மாதம் 751 யூரோவிலிருந்து 586-க்கு, அதாவது 22 விழுக்காடு வெட்டினார்கள். 25 வயதுக்குக் கீழே இருந்தால் 511. இதே காலத்தில் கடை விலை இறங்கவில்லை. 2010-இல் மட்டும் மதிப்புக்கூட்டு வரி 19-லிருந்து 21, பிறகு 23 என்று ஏறியது. பயனீட்டாளர் விலை 2012 வரை ஏறிக்கொண்டே இருந்து, 2013-இல்தான் இறங்கத் தொடங்கியது. சம்பளம் இறங்கினால் பொருளின் விலையும் இறங்கும், ஏற்றுமதி கூடும் என்பது பாடம். இடையில் பூட்டிய சந்தைகள் இருந்தால் சம்பளத்தில் மிச்சமானது விலைக்குப் போகாமல் இடைத்தரகரின் லாபத்துக்குப் போய்விடும்.

அந்தப் பூட்டுகளில் ஒன்று பால். கிரேக்கச் சட்டப்படி பதப்படுத்திய பாலை ‘புதுப்பால்’ என்று விற்க 5 நாள்தான் ஆயுள். கேட்க நல்ல விதிதான். ஆனால் வடக்கே இருந்து லாரியில் ஏறி, எல்லை கடந்து, மொத்தக் கிடங்குக்கு வந்து, தீவுக்குக் கப்பல் ஏறிக் கடையில் வைப்பதற்குள் 5 நாளில் பாதி கரைந்துவிடும். விற்காமல் மீந்ததைத் திருப்பி எடுக்கும் செலவு வேறு. உள்நாட்டுப் பண்ணைகளுக்கும் பால் நிறுவனங்களுக்கும் அந்த 5 நாள் ஒரு வேலியாகவே நின்றது. பொருளாதாரக் கூட்டுறவு வளர்ச்சி அமைப்பின் ஆய்வாளர்கள் கிரேக்கச் சட்டங்களை வரி வரியாகப் படித்து, போட்டியைத் தடுக்கும் இப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான விதிகளைக் குறித்துக் கொடுத்தார்கள். புதுப்பாலின் ஆயுள் 7 நாள் ஆனது 2014-இல். சம்பள வெட்டு நடந்து இரண்டு ஆண்டு கழித்து, இரண்டு நாள் கூட்ட இவ்வளவு போராட்டம். ஆளுங்கட்சிக்குள்ளேயே அதற்கு எதிர்ப்பு கிளம்பியது.

இன்னொன்று லாரி. வாடகைக்கு ஓட்டும் லாரிகளுக்குப் பல பத்தாண்டுகளாகப் புதிய லைசென்ஸே கொடுக்கவில்லை. இருந்தவை பெரும் தொகைக்குக் கைமாறின. நம் ஊரில் டாக்சி பெர்மிட் ஒருவர் பெயரில் இருக்க, வாடகை கட்டி வேறொருவர் ஓட்டிய காலத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2010-இல் சட்டம் திறந்துவிட முயன்றபோது லாரிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், எண்ணெய் நிலையங்கள் காலியாயின. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கிய லைசென்ஸ் ஒரே நாளில் வெறும் காகிதமாகிறது. அதற்குப் படிப்படியான ஈடு கொடுக்க அரசிடம் பணம் இல்லை. பணம் இருந்த காலத்தில் செய்திருக்க வேண்டிய வேலை அது.

வெட்டின் வேகத்தைப் பற்றிய கணக்கும் தப்பியது. அரசு ஒரு யூரோ செலவைக் குறைத்தால் உற்பத்தி அரை யூரோ அளவு குறையும் என்ற ஊகத்தில் திட்டங்கள் போடப்பட்டன. நெருக்கடிக் காலத்தில் உண்மை அளவு 0.9-க்கும் 1.7-க்கும் இடையில் இருந்தது என்று பன்னாட்டு நாணய நிதியமே 2012 அக்டோபரில் எழுதியது. மருந்தின் வீரியத்தைப் பாதியாக எழுதி நோயாளிக்குக் கொடுத்தது போல. கிரீஸின் உற்பத்தி நான்கில் ஒரு பங்கு சுருங்கியது. 2013-இல் வேலையில்லாதோர் 27 விழுக்காட்டைத் தாண்டினார்கள். இளையோரில் பாதிக்கும் மேல்.

ஸ்பெயினின் சிக்கல் வேறு. அங்கே நிரந்தர வேலையில் இருப்பவரைக் காரணமின்றி நிறுத்தினால் பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 45 நாள் சம்பளம், உச்சவரம்பு 42 மாதம். 2012 பிப்ரவரியில் அதை 33 நாள், 24 மாதம் என்று குறைத்தார்கள். நிறுவனம் நட்டத்தில் இருப்பது போன்ற காரணங்களுக்காக நிறுத்தினால் 20 நாள். மலேசியாவில் 1980-ஆம் ஆண்டு ஆட்குறைப்பு விதிமுறைப்படி இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 10 நாள், ஐந்துக்குக் குறைந்தால் 15 நாள், ஐந்தும் அதற்கு மேலும் 20 நாள். இருபது ஆண்டு வேலை செய்தவருக்கு நம் கணக்கில் 400 நாள் சம்பளம். ஸ்பெயினின் பழைய கணக்கில் 900, புதியதில் 660.

900 நாள் தொழிலாளிக்கு நல்லதுதானே என்று தோன்றும். உள்ளே இருந்தவருக்கு நல்லது. முதலாளி அதற்குப் பயந்து நிரந்தரமாக ஆள் எடுப்பதை நிறுத்தி, தற்காலிக ஒப்பந்தத்தில் எடுத்தார். நெருக்கடிக்கு முன் ஸ்பெயினில் சம்பளத்துக்கு வேலை செய்தவர்களில் மூன்றில் ஒருவர் அளவுக்குத் தற்காலிக ஆள்தான். நேரடித் தொழிலாளிக்குத் தொழிற்சங்க ஒப்பந்தம், பக்கத்து நிரையில் அதே மரத்தை வெட்டும் கண்டிராக் ஆளுக்கு ஒன்றும் இல்லை என்ற நிலைமை தோட்டத்தில் எல்லாரும் அறிந்தது. கட்டுமானத் தொழில் சரிந்ததும் முதலில் போனவர்கள் தற்காலிக ஆட்கள், அதிலும் இளையோர். 2013-இல் ஸ்பெயினில் வேலையில்லாதோர் 26 விழுக்காட்டளவில் இருந்தார்கள். 2012 சட்டம் நிறுத்தும் செலவைக் குறைத்ததே தவிர, தற்காலிக ஒப்பந்தத்தைக் கட்டுப்படுத்தவில்லை. அதைச் செய்தது 2021 டிசம்பர் சட்டம்: நிரந்தரம்தான் வழக்கம், தற்காலிகம் விதிவிலக்கு. அரசு, முதலாளிகள், சங்கங்கள் மூவரும் உட்கார்ந்து பேசி ஒப்புக்கொண்டது அது. நான்கில் ஒருவராக இருந்த தற்காலிக ஆள், சில ஆண்டுகளில் ஆறில் ஒருவர் அளவுக்கு இறங்கியது. பத்து ஆண்டு தாமதமாக வந்த சரியான சட்டம் என்றே சொல்ல வேண்டும்.

ஜெர்மனியைக் காட்டி மற்றவர்களுக்குப் பாடம் சொல்வது வழக்கம். 2003 மார்ச்சில் அந்நாட்டின் ஆட்சித் தலைவர் (சான்சலர்) கெர்ஹார்ட் ஷ்ரோடர் ‘செயல்திட்டம் 2010’ அறிவித்தார். 2005 ஜனவரி 1 முதல் நீண்டகாலம் வேலையில்லாதவர்களுக்கான உதவியும் சமூக நல உதவியும் ஒன்றாக்கப்பட்டு, மேற்கு ஜெர்மனியில் தனி ஆளுக்கு மாதம் 345 யூரோ, அதோடு வாடகைச் செலவு என்றானது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் வேலையில்லாதோர் 50 லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். ஷ்ரோடர் அதே ஆண்டு பதவியிழந்தார். பிறகு வேலையின்மை ஆண்டுக்கு ஆண்டு இறங்கியது உண்மை. பாடம் சொல்பவர்கள் விட்டுவிடும் இரண்டு செய்திகள் உண்டு. அந்த ஆண்டுகளில் ஜெர்மனியே 3 விழுக்காட்டு வரம்பை மீறியது. 2003 நவம்பரில் பிரான்ஸ், ஜெர்மனி இரண்டின் மீதான நடவடிக்கையையும் ஐரோப்பிய ஒன்றிய நிதியமைச்சர்கள் நிறுத்திவைத்தார்கள். அதாவது கசப்பு மருந்தோடு கஞ்சியும் கிடைத்தது. அடுத்து, அப்போது சுற்றியிருந்த நாடுகள் செழிப்பாக இருந்து ஜெர்மன் சரக்கை வாங்கின. 2012-இல் கிரீஸ் சம்பளத்தைக் குறைத்தபோது அண்டை வீடுகளிலும் அடுப்பு தணிந்திருந்தது. விதியும் ஒரு பக்கம் சாய்வுதான்: வெளிநாடுகளோடு உள்ள வரவு செலவைக் காட்டும் நடப்புக் கணக்கில் பற்றாக்குறை 4 விழுக்காட்டைத் தாண்டினால் எச்சரிக்கை, உபரிக்கு 6 வரை இடம். ஜெர்மனி அந்த 6-ஐயும் பல ஆண்டுகள் தாண்டியது, தண்டனை ஏதும் வரவில்லை.

சுங்கை சிப்புட்டுக்குத் திரும்புவோம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், வீடமைப்புக்கு விற்கப்பட்டபோதும் தோட்ட மக்கள் பட்ட பாடு சிறிதல்ல. லயத்தை இழந்து நகர்ப்புறப் புறம்போக்குக்குப் போன குடும்பங்களை யாரும் மறக்கக்கூடாது. இருந்தும் இந்தப் பட்டணம் கிரீஸ்போல் திவாலாகாததற்குக் காரணங்கள் உண்டு. தமிழ்ப்பள்ளி ஆசிரியரின் சம்பளம் ரப்பர் விலையைப் பார்த்து வருவதில்லை, கூட்டரசிலிருந்து வருகிறது. கிளினிக்குக்கும் அப்படியே. ஈப்போவுக்கோ கிள்ளானுக்கோ வேலை தேடிப் போனால் மொழி மாறாது, சேமநிதிக் கணக்கும் கூடவே வரும். 2019 முதல் வேலை இழந்தவருக்குச் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோ வழியாக ஆறு மாதம்வரை தேடல் உதவித்தொகை கிடைக்கிறது: முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, பிறகு அதைவிடக் குறைவாக, ஒரு சம்பள உச்சவரம்புக்கு உட்பட்டு. அதற்கான சந்தாவில் தொழிலாளி பங்கு சம்பளத்தில் 0.2 விழுக்காடு, முதலாளி பங்கு 0.2. கோலாலம்பூர் அலுவலகத்தில் இருப்பவர் கட்டும் சந்தா பேராக்கில் வேலை இழந்தவருக்குப் போகிறது, யாரும் அதைக் கடன் என்று எழுதி வைப்பதில்லை.

ஏதென்ஸ் ஆசிரியரின் சம்பளம் கிரேக்க வரியிலிருந்துதான் வர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மொத்த பட்ஜெட்டே உறுப்பு நாடுகளின் வருமானத்தில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு. 2012-இல் தொடங்கிய ஐரோப்பிய நிலைப்பாட்டு நிதியம் 500 பில்லியன் யூரோவரை கொடுக்கும் சக்தி உள்ளது, கொடுப்பது கடன். 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தொழிலாளர்கள் சேர்த்த பணம் தோட்டம் வாங்கி அவர்களையே பங்குதாரர் ஆக்கியது. கடனுக்கும் பங்குக்கும் இடையில் உள்ள வேற்றுமை நெருக்கடி நேரத்தில்தான் முழுதாகத் தெரியும்: நட்டம் வந்தால் பங்கு இறங்கிக்கொடுக்கும், கடன் கொடுக்காது.

2020 ஜூலையில் ஐரோப்பியத் தலைவர்கள் 750 பில்லியன் யூரோ பொதுக்கடன் எடுக்க ஒப்புக்கொண்டது இதில் பெரிய திருப்பம். இத்தாலிக்கு மட்டும் 191.5 பில்லியன் ஒதுக்கினார்கள், அதில் 68.9 மானியம், மிச்சம் கடன். இங்கும் பணம் தவணையாகத்தான் வருகிறது, ஆனால் பட்டியலின் தன்மை மாறியது. உதாரணமாக இத்தாலியில் சிவில் வழக்கு முடிய ஆகும் காலத்தை 2026-க்குள் 40 விழுக்காடு குறைக்க வேண்டும் என்பது ஓர் இலக்கு. அதற்காக ஆயிரக்கணக்கான நீதிமன்ற உதவியாளர்களை எடுக்க நிதியிலேயே பணம் இருந்தது. வழக்கு சீக்கிரம் முடிந்தால் வங்கி சிறு கடைக்குக் கடன் கொடுக்கத் தயங்காது, சப்ளையர் பாக்கி நாள்பட நிற்காது. நம் கணக்கில் பாதை போட்டு 1.6 டன்னை 1.92 ஆக்கும் வேலை இது. யாருடைய சம்பளத்திலும் கை வைக்காத சீர்திருத்தம்.

2024 ஏப்ரலில் வந்த புதிய நிதி விதியும் இந்தத் திசையில்தான் போகிறது. நாடு நான்கு ஆண்டுச் செலவுத் திட்டம் கொடுக்க வேண்டும். உருப்படியான சீர்திருத்தமும் முதலீடும் சேர்த்துக் கொடுத்தால் ஏழு ஆண்டு அவகாசம் கிடைக்கும்.

முடியாமல் கிடக்கும் வேலை வங்கியில் இருக்கிறது. மலேசியாவில் ஒருவர் ஒரு வங்கியில் போட்ட பணத்தில் 250,000 ரிங்கிட்வரை வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம் பொறுப்பு. வங்கி எந்த மாநிலத்தில் இருந்தாலும் ஒரே கழகம். யூரோ நாடுகளில் 100,000 யூரோ என்று வரம்பு பொதுவாக இருக்கிறது, கொடுக்க வேண்டியது அந்தந்த நாட்டின் நிதி. 2013 மார்ச்சில் சைப்ரஸில் முதலில் வந்த யோசனை 100,000-க்குக் கீழே வைத்திருந்தவர்களிடமும் 6.75 விழுக்காடு பிடிப்பது. நாடாளுமன்றம் அதை நிராகரித்தது. பிறகு பெரிய வங்கியில் வரம்புக்கு மேல் இருந்த தொகையில் 47.5 விழுக்காடு பங்காக மாற்றப்பட்டது. சைப்ரஸ் வங்கியில் கிடந்த ஒரு யூரோவும் பிராங்பர்ட் வங்கியில் கிடந்த ஒரு யூரோவும் அந்த வாரம் ஒன்றாக இருக்கவில்லை. பொதுக் காப்புறுதி வேண்டும் என்ற முன்மொழிவை ஐரோப்பிய ஆணையம் 2015 நவம்பரில் வைத்தது. வங்கிகளை முதலில் சுத்தம் செய், பிறகு பொறுப்பைப் பகிர்வோம் என்று வடக்கு நாடுகள் சொல்ல, பகிர்ந்தால்தான் சுத்தமாகும் என்று தெற்கு நாடுகள் சொல்ல, பத்து ஆண்டு கடந்தும் அது சட்டமாகவில்லை.